சுருள்பாசி சத்துதான்... சர்வரோக நிவாரணி அல்ல!



இப்போதெல்லாம் எந்தத் தெருவுக்குப் போனாலும், யாராவது ஒருவர் கையில் பச்சை டப்பாவோடு வாசலில் வந்து நிற்கிறார். கேட்டால், 'ஸ்பைருலினா' என்கிறார். தமிழில் சுருள்பாசி. 'இதுல இல்லாத சத்தே கிடையாது. சர்க்கரை குறையும், கொழுப்பு கரையும், ரத்தம் ஊறும், முடி வளரும், கேன்சர் கிட்டவே வராது' என்று மூச்சு விடாமல் சொல்கிறார். மளிகைக்கு எடுத்து வைத்த பணத்தைக் கொடுத்து, வாங்கி வைத்திருக்கும் சகோதரிகள் நம்மில் நிறையப் பேர்.

நான், பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. ஆனால், எங்கள் வீட்டில் மாசமாக இருந்த ஒரு பெண், இந்த டப்பாவை நம்பி, ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தி விட்டாள். அதற்குப் பிறகு, இதைப் பற்றி முழுசாகத் தெரிந்து கொள்ளாமல் விடக்கூடாது என்று, டாக்டரிடம் கேட்டேன், நர்சம்மாவிடம் கேட்டேன், பாசி வளர்க்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தேன், பிளஸ் 2 படிக்கும் என் மகளை, தேடிப் படித்துச் சொல்லச் சொன்னேன். தெரிந்து கொண்டதை, உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பாசின்னா, எந்தப் பாசி?

'ஐயே... பாசியையா திங்கிறது?' என்று முகம் சுளிக்க வேண்டாம். குளத்துப் படியில் வழுக்குமே, அந்தப் பாசி அல்ல இது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிர். பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால், ஸ்பிரிங் போலச் சுருண்டு சுருண்டு இருக்கும். அதனால்தான் சுருள்பாசி என்று பெயர். சூடான, உவர்ப்பான, சோடா உப்பு நிறைந்த தண்ணீரில், வெயிலைக் குடித்து வளரும்.

இது நேற்று கண்டுபிடித்த சாமான் அல்ல. ஆப்பிரிக்காவில், சாட் என்ற ஏரியைச் சுற்றி வாழும் கனெம்பு இனப் பெண்கள், காலம் காலமாக இதை ஏரிக்கரைக் குட்டைகளில் அள்ளி, மணலில் ஊற்றிக் காய வைத்து, வில்லை வில்லையாக வெட்டி எடுக்கின்றனர். அதற்கு, 'டிஹே' என்று பெயர். தக்காளி, மிளகாய், மீன் போட்ட குழம்பில் கரைத்து, சிறுதானியக் களிக்குத் தொட்டுக் கொள்கின்றனர். நாம் கேப்பைக் களிக்குக் கீரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது மாதிரிதான்! மெக்சிகோவிலும், டெக்ஸ்கோகோ என்ற ஏரியில் இதை வலை போட்டு அள்ளி, பணியாரம் போலக் காய வைத்து, அஸ்டெக் மக்கள் சாப்பிட்டிருக்கின்றனர். 500 ஆண்டுகளுக்கு முன் அங்கு போன ஸ்பெயின்காரர்கள், அதை எழுதி வைத்துள்ளனர்.

1960களில், பெல்ஜியம் நாட்டுத் தாவரவியல் அறிஞர் ஜான் லியோனார், ஆப்பிரிக்கச் சந்தையில் விற்ற பச்சை வில்லைகளைப் பார்த்து, என்னவென்று விசாரித்த பிறகுதான், விஞ்ஞானிகளின் கவனம் இதன் மேல் திரும்பியது.

நம் தமிழ்நாட்டுக்கும், இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. சென்னை, தரமணியில் உள்ள முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில், விஞ்ஞானி சி.வி.சேஷாத்ரி, 'இதைப் பெரிய தொழிற்சாலைதான் செய்யணுமா, கிராமத்துப் பெண்கள் தொட்டியில் வளர்க்க முடியாதா?' என்று யோசித்து, அதற்கான வழிமுறைகளை உருவாக்கினார். புதுக்கோட்டை மாவட்டத்தில், பள்ளி செல்லும் வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, தினமும் 1 கிராம் வீதம், சில மாதங்கள் கொடுத்துப் பார்த்தனர். வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரை மாதிரி திட்டு விழுமே... அது நன்றாகக் குறைந்ததாக, 1993ல் அறிக்கை வெளியிட்டனர். அதே புதுக்கோட்டை மாவட்டத்தில், ஊனையூரில் பெரிய அளவில் சுருள்பாசி வளர்க்கும் பண்ணையும் உள்ளது.

முறுக்கு அச்சும், பாசி மாவும்!

மதுரைப் பக்கம், பெண்களே சேர்ந்து சுருள்பாசி வளர்க்கும் இடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரரோடு போய்ப் பார்த்தேன். இடுப்புக்கும் கீழே உயரம் உள்ள, நீளமான சிமென்ட் தொட்டிகள். அதில், முழங்கால் கூட நனையாத அளவு தண்ணீர். கரும்பச்சையாக, கீரையை அரைத்துக் கரைத்து விட்ட மாதிரி இருந்தது. சமையல் சோடா, உப்பு, இரும்புச் சத்து உப்பு, தழைச்சத்து உப்பு எல்லாம் அளவு பார்த்துக் கலந்து, தாய்ப்பாசியை விடுகின்றனர். தயிருக்கு உறை ஊற்றுவது போல! அடியில் தங்கி விடாமல், அடிக்கடி துடைப்பம் கொண்டு கலக்கி விட வேண்டுமாம்.

விடியற்காலையில், துணியில் வடிகட்டுகின்றனர். துணி மேல் நிற்பதை, நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து எடுத்தால், பச்சை மாவு. அதை, நாம் முறுக்கு சுற்றுவது போல, அச்சில் போட்டு, வலைத் தட்டின் மேல் நூல் நூலாகப் பிழிகின்றனர். சுள்ளென்ற வெயிலில் ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்து விடும். பிறகு பொடியாக்கி, பாக்கெட் போடுகின்றனர். அங்கே வேலை செய்த ஓர் அக்கா, 'கை சுத்தமா இருக்கணும். தொட்டியில வேற பாசி வந்துட்டா மொத்தத்தையும் கொட்டிடுவோம்மா' என்றார். அந்த ஒரு வார்த்தை ரொம்ப முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

வாயில் ஒரு துளி போட்டுப் பார்த்தேன். குளத்து வாடை, கொஞ்சம் கருவாட்டு வாசம் மாதிரியும் இருந்தது. மோரில் கலந்தால் தெரியவில்லை.

அதில் என்னதான் இருக்கு?

இருக்கிறது சகோதரிகளே, நிறையவே இருக்கிறது. காய்ந்த சுருள்பாசி, 100 கிராமில் 57 கிராம் புரதம். சில சமயம், அதற்கு மேலும் இருக்கும். இரும்புச்சத்து ஏறக்குறைய 28 மில்லி கிராம். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின், கொஞ்சம் நல்ல கொழுப்பு, அந்த நீல நிறத்தைக் கொடுக்கும் பைகோசயனின் என்ற பொருள் எல்லாம் உண்டு.

ஆனால், 100 கிராம் பாசியை, ஒரு நாளில் யார் சாப்பிடப் போகிறோம்? டாக்டர் கேட்டதும் இதைத்தான். 'டப்பா மேல 100 கிராம் கணக்கு இருக்கும்; உங்க வாய்க்குள்ள போறது எவ்வளவுன்னு பாருங்கம்மா' என்றார். வீட்டுக்கு வந்து, பால் கணக்கு நோட்டை எடுத்து, கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

எங்கள் தெருவில் விற்ற டப்பாவில், 60 கேப்ஸ்யூல். ஒவ்வொன்றிலும் அரை கிராம். ஆக, மொத்தமே 30 கிராம் பொடி. விலை, 900 ரூபாய். அப்படியானால், ஒரு கிராம் 30 ரூபாய். கிலோ 30 ஆயிரம் ரூபாய்! அந்த 30 கிராமில் இருக்கும் புரதம், 17 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். மூன்று முட்டை சாப்பிட்டால், மொத்த டப்பாவில் இருக்கும் புரதமும் வந்து விடுகிறது. ஒரு கைப்பிடி நிலக்கடலை, அதாவது 30 கிராம், 7 கிராம் புரதம் தருகிறது. 50 கிராம் பச்சைப்பயறைச் சுண்டல் செய்தால், 12 கிராம்.

நம்மைப் போன்ற பெண்களுக்கு, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். தினமும் 2 கேப்ஸ்யூல் போட்டால் வருவது, அரை கிராமுக்குச் சற்று மேல். இதை வைத்து, 'புரதக் குறைவு தீரும்' என்று சொன்னால், எப்படி?

சாட் ஏரிப் பெண்கள், ஒரு வேளைக்கு 10 கிராம் போல, குழம்பில் போட்டுச் சாப்பிடுகின்றனர். அவர்களுக்கு அது சாப்பாடு. நமக்கு விற்கப்படுவது, மருந்து போல!

எங்கள் வீட்டில் நடந்தது...

என் சின்ன நாத்தனாருக்கு, கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து உண்டான கரு. வாந்தி, தலைசுற்றல் என்று, அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நாலாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.6. மாசமாக இருப்பவர்களுக்கு, குறைந்தது 11 இருக்க வேண்டும். சிவப்பு மாத்திரை கொடுத்து, தினமும் தவறாமல் போடச் சொல்லி அனுப்பினர்.

அந்த மாத்திரை, அவளுக்கு ஒத்துக் கொள்ளவில்லை. வயிற்றைப் பிரட்டியது, மலம் கறுத்துப் போனது, மலச்சிக்கல் வேறு. இந்த நேரத்தில்தான், எங்கள் தெரு அக்கா ஒருவர், சங்கிலி வியாபாரத்தில் சேர்ந்து, இந்த டப்பாவை வீடு வீடாகக் கொண்டு வந்தார். 'அந்த மாத்திரையெல்லாம் சூடும்மா. இது இயற்கை. ரெண்டு மாசத்துல ரத்தம் 12க்கு ஏறிடும்' என்று சொல்லியிருக்கிறார். இவளும் மாத்திரைகளை அலமாரி மூலையில் போட்டு விட்டு, டப்பாவைப் பிடித்துக் கொண்டாள். எங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

ஆறாம் மாதம் பார்த்தபோது, 8.1. நர்சம்மா அட்டையைப் பார்த்து, 'மாத்திரை போடுறியா, இல்லையா?' என்று அதட்டினார். இவள் அழுது விட்டாள். 'மதினி... இயற்கைன்னு சொன்னாங்களே, அதான் போட்டேன்...' என்று என் கையைப் பிடித்துக் கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, நான் போட்ட இன்னொரு கணக்கு இது: அரசு கொடுக்கும் ஒரு சிவப்பு மாத்திரையில், 60 மில்லி கிராம் இரும்புச்சத்து. அவள் சாப்பிட்ட 2 கேப்ஸ்யூலில், ஒரு மில்லி கிராம் கூட இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு மாத்திரையில் உள்ள இரும்பு கிடைக்க வேண்டுமானால், 420 கேப்ஸ்யூல், அதாவது 7 டப்பா விழுங்க வேண்டும். ஒரே நாளில்! மாத்திரையோ, இலவசம்.

பாசி அவளுக்கு விஷமாகி விடவில்லை. ஆனால், மாத்திரை இருக்க வேண்டிய இடத்தில், அது உட்கார்ந்து கொண்டது. இரண்டு மாதம் வீணாய்ப் போனது. ரத்தம் குறைந்த பெண்ணுக்கு, பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால், தாங்கும் தெம்பு இருக்காது. குறை மாதத்தில் பிறக்கலாம். பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம்.

டாக்டர், நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றினார். ஒவ்வொரு தடவையும், நானும் அத்தையும்தான் துணைக்குப் போனோம். மாத்திரையும் தொடர்ந்தது. 'வெறும் வயித்துல ஒத்துக்கலைன்னா, ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போடு. எலுமிச்சம்பழச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ சேத்துக்கோ. அந்த நேரத்துல டீ, காபி வேணாம். கால்சியம் மாத்திரையை, இதுகூடச் சேத்துப் போடாம, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடு. மலம் கறுப்பாப் போனா பயப்படாதே. அது மாத்திரையால வர்ற நிறம்தான்' என்று நர்சம்மா சொன்னதை, நானே எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பிரசவத்துக்கு முன் 10.3க்கு வந்தது. பெண் குழந்தை, 2 கிலோ 700. தாயும் சேயும் நலம்.

2019 - 21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில், 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது, இந்தப் பக்கத்தைப் படிக்கிற நம்மில், பாதிப் பேருக்கு மேல்! அதனால்தான், இதை வீட்டு விஷயம் என்று மூடி வைக்காமல் எழுதுகிறேன்.

அந்த அக்கா...

விற்ற அக்காவைத் திட்டி எழுத, எனக்கு மனசு வரவில்லை. கணவர் இறந்த பின், இரண்டு பிள்ளைகளை வைத்துக் கொண்டு, சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி, 20 டப்பா எடுத்திருக்கிறார். விற்றால்தான் வட்டி கட்ட முடியும். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், கூட்டம் போட்டு, 'எல்லா நோயும் போகும்னு சொல்லுங்க' என்று பாடம் நடத்தியிருக்கின்றனர். அவரும் அதை நம்பித்தான், தன் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்.

நேரில் போய், 'அக்கா, நீங்க வியாபாரம் பண்ணுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா, ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்துன்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. மாசமா இருக்கிறவங்களுக்கு, டாக்டரைக் கேக்காமக் கொடுக்காதீங்க' என்றேன். 'என் பொழப்புல மண்ணைப் போடாதே தங்கச்சி' என்று கதவைச் சாத்திக் கொண்டார். தெருவில் சிலர், 'புருஷன் இல்லாதவ வயித்துல அடிக்கிறா' என்று என்னைப் பேசினர். வருத்தம்தான். ஆனாலும், எதிர் வீட்டுப் பெரியவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது, அங்கேயும் போய்ச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அக்கா, இன்று வரை, என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்.

நோய்க்கு நல்லதா, இல்லையா?

இதையும் டாக்டரிடம் கேட்டேன். நியாயமாகவே பதில் சொன்னார்.

கெட்ட கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, சாப்பிடும் முன் பார்க்கும் சர்க்கரை... இவை சிறிதளவு குறைவதாக, பல சின்னச் சின்ன ஆராய்ச்சிகள் சொல்கின்றன. குறைவது உண்மை என்றாலும், மாத்திரை செய்யும் வேலையை, இது செய்யாது. கூட ஒரு உதவி, அவ்வளவுதான்.

கேன்சர் விஷயத்துக்கு வருகிறேன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர், கேரளாவில் புகையிலை போடுபவர்களுக்கு, வாயில் வரும் வெண்படலம் பற்றி ஆராய்ந்து, 1995ல் வெளியிட்டனர். ஒரு வருஷம், தினமும் 1 கிராம் சுருள்பாசி சாப்பிட்ட 44 பேரில், 20 பேருக்கு வெண்படலம் முழுசாக மறைந்தது. சாப்பிடாத 43 பேரில், 3 பேருக்குத்தான் மறைந்தது. நல்ல சேதிதானே? ஆனால், நிறுத்திய ஒரு வருஷத்துக்குள், அந்த 20 பேரில் 9 பேருக்கு, மறுபடி வந்து விட்டது. வெண்படலம் என்பது, புற்றாக மாறக்கூடிய அறிகுறி, புற்றுநோயே அல்ல. விற்பவர்கள், இந்த ஆராய்ச்சியின் முதல் பாதியை மட்டும் எடுத்துக் கொண்டு, 'கேன்சர் குணமாகும்' என்று சொல்லி விடுகின்றனர். புகையிலையை விடு என்று சொல்வதைத்தான், காணோம்!

அடுத்து, பி12. சைவம் சாப்பிடும் சகோதரிகள், இதைக் கவனமாகப் படியுங்கள். 'சைவக்காரர்களுக்கு பி12 தரும்' என்று, பல டப்பாவில் போட்டிருக்கும். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி, போலி பி12. பார்க்க பி12 போலவே இருக்கும். நம் உடம்புக்குப் பயன்படாது. ஜப்பானிய விஞ்ஞானிகள், 1999லேயே இதைக் கண்டு சொல்லி விட்டனர். கை, கால் மரமரப்பு, மறதி, நாக்குப் புண் இருந்தால், ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் தரும் பி12ஐத்தான் எடுக்க வேண்டும். பால், தயிர், மோரை விட்டு விடாதீர்கள்.

யாருக்கு ஆகாது?

'இயற்கைதானே, என்ன செய்யும்?' என்று கேட்பவர்களுக்கு... அரளியும் இயற்கைதான்!

* உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்கள், அதாவது, முடக்குவாதம், லூபஸ் போன்றவை இருப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்தவர்கள், இதைத் தொடக்கூடாது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டி விடலாம்.

* இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது.

* பினைல்கீட்டோனூரியா என்று, பிறவியிலேயே சில குழந்தைகளுக்கு ஒரு குறை இருக்கும். அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. இதில் உள்ள புரதத்தில், அவர்களுக்கு ஆகாத பொருள் உண்டு.

* யூரிக் அமிலம் கூடி, கால் கட்டை விரல் வீங்குபவர்கள், அளவு மீறிச் சாப்பிட்டால், தொல்லை கூடலாம்.

* மாசமாக இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், தாங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். அவர்களுக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு, ஆராய்ச்சி நடக்கவில்லை.

* சிலருக்கு வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைவலி வரும். அபூர்வமாக, கடும் ஒவ்வாமை வந்து, மூச்சுத் திணறியவர்களும் உண்டு. முகம், உதடு வீங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பண்ணையில் அந்த அக்கா சொன்னது நினைவிருக்கிறதா? 'வேற பாசி வந்துட்டா கொட்டிடுவோம்' என்று! சில வகைப் பாசிகள், மைக்ரோசிஸ்டின் என்ற விஷத்தை உண்டாக்கும். அது, கல்லீரலைக் கெடுக்கும். சுத்தமில்லாத தண்ணீரில் வளர்த்தால், ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்களையும் பாசி உறிஞ்சிக் கொள்ளும். நமக்குக் கண்ணால் பார்த்து, எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால், பெயர் தெரியாத பாக்கெட்டில், 'மலிவா வருது' என்று வாங்கக் கூடாது.

வாங்கித்தான் ஆகணும்னா...

வசதி உள்ளவர்கள், நோய் எதுவும் இல்லாதவர்கள், ஆசைப்பட்டு வாங்கினால், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்ல பாசி, நல்ல உணவுதான். ஆனால், கீழே உள்ளதைப் பாருங்கள்:

கேப்ஸ்யூல் எத்தனை என்று எண்ணாதீர்கள். மொத்தம் எத்தனை கிராம் என்று பாருங்கள். விலையை கிராமால் வகுத்துப் பாருங்கள். கேப்ஸ்யூலை விட, பொடியாகவோ, நூலாகவோ வாங்கினால், பல மடங்கு மலிவு. எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., உரிமத்தின் 14 இலக்க எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டும். 'நோய் தீரும்' என்று போட்டிருந்தால், அதை வைத்து விட்டு வந்து விடுங்கள். உணவுப் பொருளில், அப்படிப் போடவே கூடாது.

பெரியவர்களுக்கு, ஒரு நாளைக்கு 1 கிராம் முதல் 3 கிராம் வரை போதும். முதலில், கால் டீஸ்பூனில் ஆரம்பித்து, ஒத்துக் கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாமல், மோரிலோ, எலுமிச்சை ஜூசிலோ, கொத்தமல்லிச் சட்னியிலோ கடைசியில் கலக்கலாம். நிலக்கடலை, வெல்லம் சேர்த்து உருண்டை பிடிக்கும்போது, ஒரு சிட்டிகை சேர்த்தால், குழந்தைகள் வாடை தெரியாமல் சாப்பிடும். வெயிலும், ஈரமும் படாத டப்பாவில், இறுக்கி மூடி வைக்கவும்.

வாங்க வசதி இல்லாத சகோதரிகள், 'ஐயோ, நம் பிள்ளைக்குக் கொடுக்க முடியலையே' என்று ஏங்கவே வேண்டாம். அதில் இருக்கும் சத்து எதுவும், அதில் மட்டும் இருக்கிற சத்து அல்ல. கொல்லையில் நிற்கும் முருங்கைக் கீரை, வாரத்தில் மூன்று நாள், கேப்பைக் கூழ் அல்லது அடை, தினமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, பயறுச் சுண்டலோ, முடிந்தால் ஒரு முட்டை, பப்பாளித் துண்டு, சாப்பாட்டோடு எலுமிச்சை ஊறுகாய்க்குப் பதில், எலுமிச்சைச் சாறு பிழிந்த பருப்பு. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் நிறுத்தினாலே, கீரையில் உள்ள இரும்பு, உடம்பில் கூடுதலாகச் சேரும். டப்பாவின் 900 ரூபாய்க்கு, என் வீட்டில் ஒரு மாசத்துக் கடலையும், பயறும், முட்டையும் வாங்கி விடுகிறேன்.

இன்னொன்று... பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு, வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கின்றனர். 'வயித்தைப் பிரட்டுதும்மா' என்று, பல பிள்ளைகள், அதைப் பையிலேயே வைத்திருந்து, வரும் வழியில் எறிந்து விடுகின்றன. இன்றைக்கே உங்கள் பெண்ணின் பையைப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால், பிரட்டல் குறையும் என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டில், மாசமாக இருக்கும் மகளோ, மருமகளோ, நாத்தனாரோ இருந்தால், 'மாத்திரை வாங்கினியா?' என்று கேட்பதோடு விடாமல், 'போட்டியா?' என்று கேளுங்கள். ஒத்துக் கொள்ளவில்லை என்றால், நிறுத்தாமல், நர்சம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். மாற்று மாத்திரை உண்டு. ஊசி மருந்தும் உண்டு.

உங்கள் ஊரிலும், இப்படி டப்பாவைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆட்கள் வந்தால், நாலு பேருக்குக் கேட்கும்படி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதுல ஒரு நாளைக்கு எத்தனை மில்லி கிராம் இரும்பு இருக்கு?' பதில் சொல்லி விட்டு, வியாபாரம் பண்ணட்டும்.

— ஒரு வாசகி, திருமங்கலம்.